கூப்பிட்டால் வந்தார்களா?

லாவினியா சேப்பங்கிழங்கை நசுக்கித் தேங்காய்ப்பாலில் குழைத்துக்கொண்டிருந்தாள். நர்ஸ் ஓஃபா வராந்தாவுக்கு வந்து ஒரு தாளையும் பேனாவையும் நீட்டினாள்.

"அத்தை, ஆபீஸ்ல குடுத்தாங்க. இங்க கவனிப்பு எப்படின்னு நோயாளிங்ககிட்டக் கேட்டு எழுதணுமாம். சித்தப்பாவுக்குத்தான் கண்ணு தெரியலையே, நீங்க வாசிச்சுக் காட்டுங்க."

"நீயே கேட்டு எழுதேன்."

"என்னைப் பத்தியும் அதுல கேள்வி இருக்கு. நான் பக்கத்துல நிக்கவே கூடாதாம்."

லாவினியா கையைத் துடைத்துக்கொண்டு தாளை வாங்கினாள். ஆனால் எழுந்திருக்கவில்லை. ஒன்பது நாளாக அவள் இந்த வராந்தாவில்தான் பாய் விரித்துக் கிடக்கிறாள். சமைத்துக் கொடுப்பாள், துணி துவைத்துக் கொடுப்பாள், ஜன்னலுக்கு வெளியே உட்கார்ந்து ஜெபம் சொல்வாள். தம்பி கெலெப்பி படுத்திருந்த வார்டுக்குள் போனதில்லை. அவர்கள் தீவு வழக்கப்படி வயதுக்கு வந்தபின் அக்காவும் தம்பியும் ஒரே அறையில் உட்காருவதில்லை. உடம்புச் சங்கதி பேசுவது அதைவிடப் பெரிய தப்பு. இந்தக் காலத்துப் பிள்ளைகள் அதையெல்லாம் தளர்த்திவிட்டார்கள். லாவினியாவும் கெலெப்பியும் தளர்த்தவில்லை. நாற்பத்தைந்து வருடமாக அவள் வாசலில் தலை காட்டினால் அவன் கொல்லைப்பக்கமாக வெளியே போய்விடுவான். அவ்வளவு மரியாதை.

சர்க்கரை நோய் அவனுடைய ஒரு காலையும் இரண்டு கண்ணையும் வாங்கிக்கொண்டு இப்போது சிறுநீரகத்தில் வந்து நின்றது. மனைவி போய்ச் சேர்ந்து ஆறு வருடமாகிறது. மகன்கள் ஆக்லாந்தில், வியாழக்கிழமை விமானத்தில் வருகிறார்கள். பங்காளி மாக்கா காலையும் மாலையும் வந்து துடைத்துவிட்டு, துணி மாற்றிவிட்டுப் போவான். நடுவில் என்றால் ஓஃபாதான்.

"இன்னைக்கே குடுக்கணுமா?"

"நாளைக்குன்னு வைக்காதீங்க அத்தை," என்றாள் ஓஃபா. அவள் குரலில் இருந்தது லாவினியாவுக்குப் புரிந்தது. எழுந்து உள்ளே போனாள்.

கட்டிலில் கிடந்தவன் காலடிச் சத்தத்தை அடையாளம் கண்டுகொண்டான். போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டான்.

"அக்காவா? நீங்க எதுக்கு உள்ள வந்தீங்க?"

"கவர்மென்ட் வேலையா வந்திருக்கேன். கேக்குறதுக்குப் பதில் சொல்லு. ஒண்ணு. வார்டு சுத்தமா இருந்துச்சா?"

கெலெப்பி இருபத்தாறு வருடம் தீவுகளுக்கு இடையில் ஓடும் கப்பலில் எஞ்சின் பார்த்தவன். "நான் வேலை பார்த்த எடத்தைவிடச் சுத்தம். ஆனா எங்க எலிங்க மரியாதை தெரிஞ்சதுங்க. இங்க கால்மேல ஏறுது."

"எந்தக் கால்மேல?"

"இல்லாத கால்மேலதான்."

அவள் சிரித்துவிட்டாள். தம்பியின் பேச்சுக்கு நேருக்கு நேர் சிரித்தது எப்போது என்று அவளுக்கு நினைவில்லை. சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது இருக்கலாம்.

"ரெண்டு. வலிக்கு மருந்து நேரத்துக்குக் குடுத்தாங்களா?" அவன் தலையாட்டினான். "சரி, குடுத்தாங்க. மூணு. கூப்பிட்டா வந்தாங்களா?"

தூங்கிவிட்டானோ என்று குனிந்து பார்த்தாள்.

"வந்தாங்க. ஞாயித்துக்கிழமை மட்டும் வரல."

"ஏன், என்னாச்சு?"

"விடுங்கக்கா."

"எழுதணும்டா."

அவன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். "படுக்கை நனைஞ்சுபோச்சு. மணி அடிச்சேன், கூப்பிட்டேன். எல்லாரும் கோயிலுக்குப் போயிருந்தாங்க. இந்தப் பொண்ணு ஒருத்திதான் டூட்டி. மேல பிரசவ வார்டுல ஏதோ சிக்கல்னு அங்க ஓடிருச்சு. ரெண்டு மணி நேரம் ஆயிருக்கும். வந்து பார்த்துட்டு அழுதுச்சு, பாவம்."

"ஞாயித்துக்கிழமை நான் கோயிலுக்குப் போகலையே. வெளியிலதான இருந்தேன்?"

"தெரியும். நீங்க பாடிக்கிட்டிருந்தது கேட்டுச்சு."

"என்னைக் கூப்பிட வேண்டியதுதான?"

"உங்களை எப்படிக்கா கூப்பிடுறது?"

லாவினியா தாளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மூன்றாம் கேள்விக்கு நேரே நான்கு கட்டங்கள் இருந்தன.

"நல்லா கவனிச்சாங்கன்னே போடுங்க," என்றான் அவன். "ஓஃபா பேருக்குக் கெடுதல் வந்துரும்."

"பொய் எழுதமாட்டேன்." 'இல்லை' என்ற கட்டத்தில் குறியிட்டாள். கீழே இருந்த கோட்டில் நிதானமாக எழுதினாள்: ஞாயிற்றுக்கிழமை ஒரே ஒரு நர்ஸ். அவளுக்கு இரண்டு கைதான். இன்னொருத்தியைப் போடுங்கள்.

வாசித்துக் காட்டினாள். "அப்ப சரி," என்றான்.

அடுத்த கேள்விக்கு வாயெடுக்கும்போதுதான் போர்வையில் ஈரம் பரவுவதைப் பார்த்தாள். அவன் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தான். மாக்கா வர இன்னும் நான்கு மணி நேரம் இருந்தது. ஓஃபா வார்டின் அந்தக் கோடியில் யாருக்கோ ஊசி போட்டுக்கொண்டிருந்தாள்.

லாவினியா தாளை மடித்து ஜன்னலில் வைத்தாள். திரையை இழுத்துவிட்டாள். பேசினில் தண்ணீர் கொண்டுவந்தாள்.

"அக்கா, வேண்டாம்."

"நீ பேசாம இரு. நான் உன்னைப் பார்க்கல."

அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டான், தெரியாத கண்ணை. அவள் போர்வைக்கு அடியிலேயே கைவிட்டுத் துடைத்தாள். எலும்புதான் இருந்தது. பக்கம் மாற்றிப் படுக்கவைத்து, உலர்ந்த விரிப்பைப் போட்டு, ஓரங்களை மெத்தைக்கு அடியில் செருகினாள். எல்லாம் முடிந்தபின் அவன், "தண்ணி சூடா இருந்துச்சு," என்றான்.

அதுதான் கடைசிப் பேச்சு. கிழங்கு இரண்டு வாய் இறங்கியது. பிறகு தூங்கினான். பிற்பகல் மூன்று மணி வாக்கில் மூச்சு நீண்டு, இடைவெளி விட்டு, மறுபடி வந்து, வராமல் போயிற்று. லாவினியா கட்டில் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தாள்.

ஓஃபா வந்து நாடி பார்த்தாள். அவன் கையில் குத்தியிருந்த ஊசியை மெதுவாக எடுத்துப் பஞ்சு வைத்தாள். அவள் அழுது முடித்து முகம் கழுவிக்கொண்டு வந்தபோது லாவினியா தாளையும் பேனாவையும் நீட்டினாள்.

"மூணு கேள்விதான் முடிஞ்சுது."

ஓஃபா வாசித்தாள். கீழே எழுதியிருந்ததை இன்னொரு தடவை வாசித்தாள்.

"இது செல்லாது அத்தை. குணமாகி வீட்டுக்குப் போறவங்களோடதைத்தான் கணக்குல எடுப்பாங்க. செத்தவங்களோடதை எடுத்து வச்சிருவாங்க."

"பேனா குடு."

மேலே இருந்த கெலெப்பியின் பெயரை ஒரே கோட்டில் அடித்துவிட்டு, பக்கத்தில் தன் பெயரை எழுதினாள்.

"நானும் ஒம்பது நாள் இங்கதான் கிடந்தேன். நானும் வீட்டுக்குத்தான் போறேன். கேட்டா என்கிட்ட அனுப்பு."

ஓஃபா தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் மாக்கா வண்டி கொண்டுவந்தான். துக்கத்துக்கு அடையாளமாக இடுப்பில் பாய் சுற்றிய ஆண்கள் கெலெப்பியைப் பாய்களில் சுற்றித் தூக்கிவந்து வண்டியின் பின்புறத்தில் கிடத்தினார்கள். இறந்தவனின் அக்கா என்றால் அன்றைக்கு மரியாதையில் அவளுக்கு மேல் யாருமில்லை. மாக்கா ஓடிப்போய் முன்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு தலைகுனிந்து நின்றான்.

லாவினியா வண்டியைச் சுற்றி நடந்தாள். ஒருவன் தோளைப் பிடித்துக்கொண்டு பின்பக்கம் ஏறினாள். தம்பியின் தலைமாட்டில், அவனை ஒட்டி உட்கார்ந்தாள்.

கடற்கரைச் சாலையில் காற்று பலமாக அடித்தது. மேல்பாயின் ஓரம் தூக்கித் தூக்கி விழுந்தது. அவள் அதைத் தன் முழங்காலுக்கு அடியில் இழுத்து வைத்து அழுத்திக்கொண்டாள்.