பொம்மைக்கு விழுந்த ஏச்சு

மூன்று நாளாக ஆவுடைத்தாய்க்கு அங்கன்வாடி மேல்தான் கண். நாலு வயது மகள் திவ்யா, வீட்டில் பொம்மையைச் சுவரோரம் உட்காரவைத்து, "மிண்டாதெ இரி!" என்று விரலை ஆட்டுகிறாள். பிழைக்க வந்தது மலையாள ஊர் என்றாலும் வீட்டில் பேசுவது அம்பாசமுத்திரத்துத் தமிழ். பேசாமல் உட்கார் என்கிற இந்த மலையாள அதட்டல் வேறு எங்கிருந்து வரும்?

"அந்த ஸ்ரீலட்சுமி டீச்சர் சிரிச்சுச் சிரிச்சுப் பேசும்போதே நெனச்சேன். தமிழ்க்காரப் பிள்ளைன்னா கேக்க நாதியில்லன்னு நெனப்பு," என்றாள் கணவனிடம்.

"கண்ணால பாத்தியா?" என்றான் ராஜமணி.

பார்க்காமல் விடுவாளா? வியாழக்கிழமை, சாலைக் கடைத்தெரு ஹோட்டலில் காய் நறுக்கும் வேலைக்குப் பாதி நாள் லீவு சொல்லிவிட்டு, சத்தம் கேட்காமலிருக்கச் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு அங்கன்வாடி ஜன்னலோரம் போய் நின்றாள்.

உள்ளே ஒரு பையன் மரக்கட்டைகளை வீசிக்கொண்டிருந்தான். இதோ அடி விழப்போகிறது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டாள். டீச்சரோ அவனை மூலையில் விரித்திருந்த பாய்க்குக் கூட்டிப்போய், தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள். "மிண்டாதெ இரிக்காம். தேஷ்யம் போகட்டே." பேசாமல் உட்காரலாம் என்ற அழைப்புதான் அது. கோபம் போனதும் பையன் தானே எழுந்து கட்டைகளைப் பொறுக்கினான்.

ஆவுடைத்தாய்க்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது. மூன்று நாள் கோபத்தை என்ன செய்வதென்று தெரியாமல் திரும்பும்போது டீச்சர் பார்த்துவிட்டாள். வாசலுக்கு வந்தாள்.

"சேச்சி வந்நது நன்னாயி. ஒரு காரியம் கேக்கணும்." இன்று சிரிப்பில்லை. "மோள் இவிடெ பொம்மைய தமிழ்ல ஏசும். தினமும் ஒரே வார்த்தை." மலையாளத்தில் எழுதி வைத்திருந்த காகிதத்தைப் பிரித்து வாசித்தாள். "கரண்டிய காச்சி இழுத்துருவேன்." காகிதத்தை மடித்தாள். "எனிக்கு கொறச்சு மனசிலாயி. மீதிக்கு அர்த்தம் சேச்சி பறயணும்."

அது ஆவுடைத்தாயின் வார்த்தைதான். ஊரில் எந்தத் தாய்தான் சொல்லாத வார்த்தை? அவள் ஒரு நாளும் சூடு வைத்ததில்லை. தோசைக் கரண்டியை அடுப்பில் காட்டி எடுத்து ஓங்குவதோடு சரி.

"சும்மா பயங்காட்டுறதுதான் டீச்சர். எம்பிள்ளைக்கே தெரியும்."

அம்மாவின் குரல் கேட்டு உள்ளிருந்து திவ்யா ஓடிவந்தாள். அம்மா கையில் செருப்பைக் கண்டதும் நடுவழியில் நின்றாள். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

"நான் ஒண்ணும் செய்யலம்மா."

அதற்கு டீச்சர் அர்த்தம் கேட்கவில்லை.