சிலை மாதிரி உட்கார்ந்த பிள்ளைகள்

அக்கா மகளுக்கு மூன்று வயது. அரிப்பில் முழங்கை மடிப்பைப் பிறாண்டிப் புண்ணாக்கிவிடுவாள் என்று கைகளில் சாக்ஸ் மாட்டித்தான் தூங்க வைப்பார்கள். சித்திக்காரியோ தோல் டாக்டர். ஊருக்கெல்லாம் மருந்து எழுதியவளுக்குச் சொந்த வீட்டுக் குழந்தையிடம் ஒன்றும் பலிக்கவில்லை. அந்த ஆத்திரத்தில்தான் மூன்று ஆஸ்பத்திரிகளைக் கூட்டுச் சேர்த்து இந்த ஆராய்ச்சியில் இறங்கினாள்.

இதே அரிப்புள்ள பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு வலது கை மடிப்பில் புதுக் களிம்பு, இடது கையில் பழையது. இரண்டு கையையும் நீட்டச் சொல்லிப் படமெடுத்து, முகத்தை வெட்டிவிட்டு அனுப்ப வேண்டும். எந்தக் கையில் எது என்று அறியாதவர்கள் பார்த்து மார்க் போடுவார்கள். இது தேறினால்தான் அடுத்த கட்டத்தில் சின்னக் குழந்தைகளைச் சேர்க்க முடியும்.

இன்று ரிசல்ட். மூன்று ஆஸ்பத்திரியும் வீடியோவில். இரண்டு இடத்தில் வலது கை ஜம்மென்று ஆறியிருந்தது. மூன்றாவதில் இடது கை ஆறியிருந்தது!

"ரிசல்ட் இப்படி ஒண்ணுக்கொண்ணு முட்டிக்கிட்டா ஆராய்ச்சியை மூட வேண்டியதுதான்" என்றாள் கணக்குப் பார்க்கும் கணக்கம்மா.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது. டாக்டர் கையாலாகாத கோபத்தில் அந்த மூன்றாவது ஆஸ்பத்திரிப் படங்களையே முறைத்துக்கொண்டிருந்தாள். ஒன்றில்கூட அசைவு இல்லை. அவளுடைய ஆஸ்பத்திரிப் பிள்ளைகள் நெளிந்த நெளிசலில் பாதிப் படம் கலங்கல்.

"எப்படி மீசை, உங்க பசங்க மட்டும் ஆடாம உக்காந்தாங்க?"

மூன்றாவது ஆஸ்பத்திரி டாக்டருக்கு மீசைதான் பெயர், முகவரி எல்லாம். அந்தச் சோகத்திலும் அது பெருமையில் துடித்தது.

"அதுவா? தன் மூஞ்சி போன்ல தெரிஞ்சா எந்தப் பிள்ளையும் சிலை மாதிரி உக்காரும்."

"அப்போ முன்பக்கக் கேமராவா? வெட்டாத படம் ஒண்ணு காட்டுங்க. சீக்கிரம்!"

காட்டினார். பொக்கை வாய்ப் பையன் ஒருவன் தன் அழகில் தானே மயங்கி உட்கார்ந்திருந்தான். சட்டையில் இருந்த 4 எதிர்ப்பக்கம் திரும்பி நின்றது.

"கண்ணாடி மாதிரி திருப்பிப் போட்டிருக்கு, மீசை! நீங்க இடதுன்னு அனுப்பினது பூரா வலது!"

"ஐயய்யோ!" என்று மீசை தலையில் அடித்துக்கொண்டு, அடித்த கையோடு சிரித்தார். டாக்டர் நாற்காலியை விட்டுக் குதித்தாள்.

"இருங்க, இருங்க. ஒவ்வொரு படத்தையும் பார்க்காம நான் ஒத்துக்க மாட்டேன்" என்றாள் கணக்கம்மா. சொன்னபடியே ஒவ்வொன்றாகப் பார்க்க வைத்தாள். அத்தனையும் கண்ணாடிப் படங்கள். திருப்பிக் கணக்குப் போட்டதும் மூன்று ஆஸ்பத்திரியும் ஒரே பேச்சுப் பேசின. சிரிக்கவே தெரியாதவள் என்று பெயரெடுத்த கணக்கம்மா மேசையைத் தட்டி, "பலிச்சிருச்சுடி!" என்று கத்தினாள்.

டாக்டர் அழுதுகொண்டே அக்காவுக்குப் போன் போட்டாள். எடுத்தது குட்டி.

"சித்தி, சாக்ஸ் கழட்டலாமா?"

"இன்னைக்கு இல்லடா தங்கம்."

இத்தனை நாளும் சித்தி அதோடு நிறுத்திக்கொள்வாள். இன்று நிறுத்தவில்லை.

"ஆனா கழட்டுவோம்."