கணவாய் பற்றி வந்த இன்னொரு மெயில்

கரகோல் நகரத்து மலையேற்றக் கம்பெனியில் கணினிகளைப் பார்த்துக்கொண்டவள் புருல்சா. இன்பாக்ஸைத் திறக்கும்போதெல்லாம் தலைநகர் பிஷ்கேக்கில் இருந்த சர்வரிலிருந்து எல்லா மெயிலும் மறுபடி இறங்க வேண்டும். அதற்குள் தேநீர் ஆறிவிடும். அவள் மெயில்களின் நகலை அலுவலகக் கணினி ஒன்றிலேயே சேமித்து வைத்தாள். அதன்பின் இன்பாக்ஸ் கண்ணிமைப்பதற்குள் திறந்தது. வழிகாட்டி தெமிர்குல், "உன் கைக்குத் தங்கக் காப்பு போடணும்மா" என்றார்.

ஆனால் அந்த நகல் மணிக்கொரு தடவைதான் புதுப்பிக்கப்படும். ஒருநாள் காலை தெமிர்குல், கணவாய் திறந்திருப்பதாக வந்த மெயிலைப் படித்துவிட்டுப் பயணிகளோடு வேனில் கிளம்பினார். சற்று நேரத்தில் நகல் புதுப்பிக்கப்பட்டதும், அவர் கிளம்புமுன்பே பிஷ்கேக்கில் வந்து கிடந்த இன்னொரு மெயில் தெரிந்தது: 'பனிச்சரிவு. யாரும் வர வேண்டாம்.'

புருல்சா தெமிர்குலைப் போனில் அழைத்தாள். லைன் கிடைக்கவில்லை. காரை எடுத்துக்கொண்டு பறந்தாள். ஊரைத் தாண்டியதும், இறைச்சி வைத்துச் சுட்ட சம்சா விற்கும் ஒரு கடை வாசலில் வேன் நின்றிருந்தது. உள்ளே தெமிர்குல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணே, மலைக்குப் போகாதீங்க. கணவாய்ல பனி சரிஞ்சிருக்கு."

"கிளம்புறப்பகூட மெயில் பார்த்தேனே?"

"நீங்க பார்த்தது பழைய நகல். வேகமா வந்தா போதும்னு இருந்துட்டேன். தப்பு என்னோடது."

தெமிர்குல் தட்டை அவள் பக்கம் தள்ளினார். "சம்சாவுக்கு வண்டியை நிறுத்தினதாலதான் தப்பிச்சோம். என் தொப்பையைக் கிண்டல் பண்றவங்க இனிமே வாயைத் திறக்கட்டும் பார்க்கலாம். உட்காரு, சாப்பிடு."

மறுநாளே மாற்றினாள். பழைய மெயில்கள் நகலிலிருந்து வரும். புதிதாக என்ன வந்திருக்கிறது என்பதை மட்டும் ஒவ்வொரு முறையும் பிஷ்கேக்கில் கேட்டுவிட்டுத்தான் இன்பாக்ஸ் திறக்கும். அதற்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. அலுவலகமே முணுமுணுத்தது, தெமிர்குலைத் தவிர.