மூத்த மாப்பிள்ளை

கடலோடிகள் சில சமயம் தங்கள் திருமணத்துக்கே வந்து சேர முடிவதில்லை. அப்போது ஜாவாவின் சோலோ நகர மக்கள் மணமகனின் கெரிஸை, அதாவது அவனுடைய நெளிவாளை, அவனுக்குப் பதிலாக மணையில் அமர்த்திக் காரியத்தை முடித்துவிடுவார்கள். செகாரை மணக்கவிருந்தவனும் எங்கோ கடலில் இருந்தான். அவனுடைய வாள்தான் பட்டுத்துணி சுற்றிக்கொண்டு வந்திருந்தது.

அவள் தந்தை மங்குன் எதையும் சோதிக்காமல் ஏற்பவர் அல்லர். வாள் பார்க்கும் கெர்த்தோவை அழைத்துவந்தார்.

"நல்லாப் பாருங்கண்ணே. வந்திருக்கிற ஆளு அசல்தானான்னு தெரியணும்."

கெர்த்தோ அலகில் எலுமிச்சைச் சாற்றைத் தேய்த்து, இரும்பின் கோலம் தெரிவதற்காகப் பாஷாணம் தடவினார். கறுத்த இரும்பில், சிந்திய அரிசியைப்போல வெண்புள்ளிகள் எழும்பின.

"அசல்தான். மடிச்சு மடிச்சு அடிச்ச இரும்பு, நடுவுல எஃகு. முந்நூறு வயசிருக்கும்."

மங்குனின் முகம் சுருங்கியது. "எம் பொண்ணுக்கு இருபத்திரண்டுதானே ஆகுது. கிழவனுக்குக் குடுக்கவா பெத்தேன்?"

"அது வாளோட வயசுப்பா," என்றாள் செகார்.

"நாளைக்கு உம் பக்கத்துல உக்காரப்போறது யாரு? இதுதானே."

செகார் நாள்களை எண்ணிப் பார்த்தாள். நாளையை விட்டால் சூரோ மாதம் பிறந்துவிடும். அதில் எவரும் மணம் செய்வதில்லை. அது கழிவதற்குள் அப்பா வேறொரு மாப்பிள்ளையையே பார்த்துவிடுவார். அவருடைய நியாயத்தைக்கொண்டுதான் அவரை மடக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது.

"அப்போ மாமனார் வயசையும் பாத்துடலாமே," என்று அவர் முதுகுப்புறம் செருகியிருந்த கெரிஸைக் காட்டினாள்.

"என்னுது மஜபாஹித் ராஜா காலத்துது, ஐநூறு வயசுக்குக் குறையாது. தாராளமாப் பாக்கட்டும்."

கெர்த்தோ தேய்க்கத் தேய்க்க, அந்த வாளின் கோலமெல்லாம் கந்தையோடு வந்துவிட்டது. நகத்தால் சுண்டிப் பார்த்தார்; தகரம்போல ஒலித்தது.

"மேல மட்டும் எழுதின கோலம். உள்ள எஃகே இல்ல. முப்பது வயசு தாண்டாது."

"இப்ப யாருப்பா பெரியவங்க?" என்றாள் செகார்.

மங்குன் மரியாதை தவறாதவர். நாற்காலியிலிருந்து இறங்கி, வாளைவிடத் தாழ்ந்து தரையில் அமர்ந்து, கைகூப்பினார்.

"மன்னிக்கணுங்கய்யா. வயசு தெரியாம வாய்விட்டுட்டேன்."

வாள் பேசாதிருந்தது.

"கோவமா இருக்காரா?" என்று கெர்த்தோவிடம் கிசுகிசுத்தார்.

"பொண்ணு கேட்டு வந்திருக்காரு. பதில்தான் இன்னும் வரல," என்றார் கெர்த்தோ, சிரிக்காமல்.

பெரியவர் கேட்டதற்கு, சிறியவர் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்வது அந்த ஊர் வழக்கத்திலேயே இல்லை.

"ஆகட்டுங்கய்யா," என்றார் மங்குன்.

மறுநாள், மணமக்கள் பெற்றோர் காலில் பணியும் நேரம் வந்தது. செகார் பணிந்தாள். வாளும் பணிவதுபோல அதை யாராவது எடுத்துச் சாய்ப்பதற்குள், மங்குன் முந்திக்கொண்டு அதன் முன்னே குனிந்துவிட்டார்.