விஜயவாடா போய்வந்த மருந்து

மனைவி ஆக்னஸ் சமையலறைத் தரையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் ஸ்டான்லிக்கு முதலில் வந்தது கோபம்தான். தான் குளித்துவிட்டு வருவதற்குள் எந்தப் பலகார டப்பாவையோ உருட்டியிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு கிட்டே போனார். அவளுடைய நைட்டி வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. கண்கள் திறந்திருந்தன, ஆனால் அவரைப் பார்க்கவில்லை.

"ஆக்னஸ். ஏய், ஆக்னஸ்."

அவள் என்னமோ சொன்னாள். அவருக்குத் தெரிந்த தமிழிலும் இல்லை, தெலுங்கிலும் இல்லை. அப்படியே பக்கவாட்டில் சாய்ந்துவிட்டாள்.

மகன் பிளஸ்ஸன் கச்சிபௌலி ஆபீஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவன், ஒரு காலில் மட்டும் ஷூவோடு ஓடிவந்தான். இருவருமாகத் தூக்கிக் காரில் கிடத்தி, பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

"சுகர் ஏறிடுச்சு சிஸ்டர். ரெண்டு வாரமா ஏறிக்கிட்டேதான் இருக்கு. சொன்னா கேக்கமாட்டேங்கறா, வாயைக் கட்டமாட்டேங்கறா," என்று ஸ்டான்லி வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார்.

நர்ஸ் விரலில் குத்திப் பார்த்தாள். நம்பாதவள்போல இன்னொரு விரலிலும் குத்திப் பார்த்துவிட்டு, "முப்பத்தொன்று" என்று தெலுங்கில் உள்ளே குரல் கொடுத்தாள்.

அவர் தன் காதில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தார். "முந்நூற்றுப் பத்தா?" என்று கேட்டார்.

"முப்பத்தொன்று, சார். சுகர் இறங்கிப்போய்விட்டது."

அதற்குள் திரையை இழுத்து மூடிவிட்டார்கள். ஸ்டான்லி வெளியே நின்றார். இறங்கிப்போய்விட்டது என்ற வார்த்தையை எங்கே வைப்பது என்று அவருக்குப் புரியவில்லை. பதினைந்து நாளாக அவர் வீட்டில் நடந்த சண்டையெல்லாம் சுகர் ஏறியதற்கு.

ஆக்னஸுக்குச் சர்க்கரை நோய் வந்து வருஷக்கணக்காகிறது. காலையும் இரவும் இன்சுலின் பென் ஊசி போட்டுக்கொண்டு, சுகரை ஒழுங்காகவே வைத்திருந்தாள். மே மாதம் அவள் தம்பி ஃபெலிக்ஸின் மகளுக்கு விஜயவாடாவில் கல்யாணம். மூன்று பேரும் பிளஸ்ஸனின் காரில் போய்வந்தார்கள். வந்ததிலிருந்துதான் இந்தக் கூத்து. தினமும் காலையில் ஸ்டான்லி தானே குத்திப் பார்ப்பார். ஒவ்வொரு நாளும் கூடியது. போனில் கேட்டபோது, வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் மருந்தின் அளவைக் கூட்டச் சொன்னார். அடுத்த வாரம் இன்னும் கூட்டச் சொன்னார். அப்படியும் இறங்கவில்லை.

ஆக்னஸ், "நான் ஒண்ணுமே சாப்பிடலைங்க," என்றாள். அவர் நம்புகிறவராக இல்லை. சனத்நகர் தொழிற்சாலையில் இன்ஸ்பெக்ஷனில் இருந்து ஓய்வுபெற்றவர். பழுது இருந்தால் அதற்கு ஒரு ஆள் இருப்பான் என்பது அவர் கணக்கு. ஒருநாள் குப்பைக்கூடையில், காய்கறித்தோலுக்கு அடியில், உஸ்மானியா பிஸ்கட் பாக்கெட்டின் காலிக் கவர் கிடைத்தது. மறுநாள் ஒரு பிரியாணி டப்பா. அவர் அதை எடுத்து அவள் முன்னால் வைத்தார். அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாளே தவிர, பேசவில்லை. பேசாமல் இருந்ததே போதும், அவள்தான் தின்றிருக்கிறாள் என்று எடுத்துக்கொண்டார். ஃபெலிக்ஸுக்கு போன் போட்டு, "உங்க அக்கா திருட்டுத்தனமா தின்றா," என்று அவள் காதுபடவே சொன்னார். அன்று முதல் அவள் தட்டில் விழுவதையும் அவரே அளந்தார்.

திரையை விலக்கிக்கொண்டு டாக்டர் அஸ்வினி வெளியே வந்தார். பத்மாராவ் நகர்த் தமிழ்க் குடும்பத்துப் பெண்.

"குளுக்கோஸ் ஏறுது, முழிச்சிட்டாங்க. இன்னிக்கு இன்சுலின் யார் போட்டது?"

"அவளேதான். நான் பக்கத்துல நின்னு பார்த்தேன். கூட்டிப் போடச் சொன்ன அளவுதான் போட்டா."

"காலையில என்ன சாப்பிட்டாங்க?"

"ஒரு இட்லி." கொஞ்சம் தயங்கி, "நான்தான் போதும்னு சொன்னேன்," என்றார்.

"வழக்கமா போடற பென்தானே?"

"அது நேத்து தீர்ந்துடுச்சு. இன்னிக்கு ஃப்ரிட்ஜ்லேர்ந்து புதுசு எடுத்தோம்."

எழுதிக்கொண்டிருந்த டாக்டர் நிமிர்ந்தார். "பழைய பென்ல எவ்வளவு கூட்டியும் கேக்கல. புதுசுல அதே அளவு போட்டதும் விழுந்துட்டாங்க. அந்தப் பழைய பென்னை எங்கயாவது ஊருக்கு எடுத்துட்டுப் போனீங்களா?"

"விஜயவாடாவுக்கு. ஐஸ் பையிலதான் வெச்சிருந்தோம்."

"அந்தப் பை எங்க இருந்துச்சு?"

பதில் சொல்ல வாயைத் திறந்தவருக்குச் சர்ச் வாசல் கண்முன் வந்து நின்றது. உச்சி வெயில். ஆக்னஸ் அந்தப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கப்போனாள். 'நக்கோ, வேணாம், ஐஸ் இருக்குல்ல, சீட்லயே கிடக்கட்டும். பட்டுப்புடவையில இதை யாரு தூக்கிட்டுத் திரியறது' என்று அவர்தான் வாங்கிப் பின்சீட்டில் போட்டார். கல்யாணம், விருந்து, போட்டோ எல்லாம் முடிந்து வரும்வரை கார் வெட்டவெளியில் நின்றது. திரும்பி வந்தபோது ஐஸ் பொட்டலம் கையைச் சுட்டது. வீட்டுக்கு வந்து ஃப்ரிட்ஜில் வைத்தார்கள். மறுபடி குளிர்ந்துவிட்டது, சரியாகிவிட்டது என்றுதான் மூன்று பேருமே நினைத்தார்கள்.

அவர் அதை அப்படியே டாக்டரிடம் சொன்னார்.

"மே மாசத்துல பூட்டின கார் அடுப்பு மாதிரி, அங்கிள். இன்சுலின் ஒருதடவை வெந்துட்டா அவ்வளவுதான், திரும்பக் குளிர வெச்சாலும் சக்தி வராது. பார்க்கப் பச்சத்தண்ணி மாதிரி தெளிவாவே இருக்கும், நமக்குத் தெரியாது. இத்தனை நாளா ஆன்ட்டி போட்டுக்கிட்டது பாதிக்குமேல செத்த மருந்துதான். அதை நம்பிக் கூட்டின அளவை இன்னிக்கு உயிருள்ள மருந்துல போட்டிருக்கீங்க. ஒரு இட்லி எப்படித் தாங்கும்?"



"டாக்டர்," என்றான் பிளஸ்ஸன். "அதே பையில என் பென்னும் இருந்துச்சு. வெயிட் குறையறதுக்கு, வாரம் ஒண்ணு போடறது."

"அதுவும் அப்படித்தான். இனிமே அதைத் தொடாதீங்க. உங்களுக்குப் பசி திரும்பி வந்துச்சா?"

அவன் ஆமென்று தலையை ஆட்டினான். அந்த ஊசி போட ஆரம்பித்ததிலிருந்து அரைத்தட்டுச் சோறே அவனுக்கு அதிகம். ஆபீஸில் எல்லோரும் அவன் இளைத்ததைப் பார்த்து மெச்சிக்கொண்டிருந்தார்கள். விஜயவாடாவிலிருந்து வந்தபிறகு கண்மண் தெரியாத பசி. தன்னிடம்தான் கட்டுப்பாடு இல்லை என்று வெட்கப்பட்டு, யாரிடமும் மூச்சுவிடவில்லை.

அவன் டாக்டரைப் பார்க்காமல் அப்பாவைப் பார்த்தான். "டாடி, அந்த பிஸ்கட் கவர், பிரியாணி டப்பா எல்லாம் நான். மம்மி இல்லை."

ஸ்டான்லிக்கு அவனை அறையவேண்டும்போல இருந்தது. கை எழவில்லை. அந்த டப்பாவை மேஜைமேல் வைத்தபோது ஆக்னஸின் முகம் எப்படி இருந்தது என்று நினைத்துப் பார்த்தார். அவர் அன்றைக்கு முகத்தைப் பார்க்கவே இல்லை என்பது நினைவுக்கு வந்தது.

உள்ளே அவள் தலையணையில் சாய்ந்து படுத்திருந்தாள். குரல் மெலிந்திருந்ததே ஒழிய, பேச்சு தெளிவாக இருந்தது. பிளஸ்ஸன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டினான். அவள் முழுக்கக் கேட்டாள்.

"பசிச்சா சொல்றதுக்கென்னடா? செஞ்சு குடுத்திருப்பேனே," என்றாள்.

அவன் அழுதுகொண்டே வெளியே போய்விட்டான். ஸ்டான்லி கட்டிலின் கால்மாட்டிலேயே நின்றார்.

"அந்தப் பையைக் கார்ல போட்டது நான்தான், ஆக்னஸ்."

"ஆமா."

"நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. அன்னிக்கு அந்த டப்பாவை முன்னால வெச்சப்போ, நான் இல்லைன்னு அடிச்சுச் சொல்லியிருக்கலாமே. ஏன் வாயே திறக்கலை?"

அவள் கையில் ஏறிக்கொண்டிருந்த குளுக்கோஸ் குழாயைப் பார்த்தபடி யோசித்தாள்.

"மொதல்ல சொன்னேன்ல. நீங்க நம்பலை. தினமும் சுகர் மெஷினும் உங்க பக்கமே பேசுச்சு. டப்பா வேற கிடைச்சுது. எனக்கே பயம் வந்துடுச்சுங்க. தூக்கத்துல எழுந்து போய் நான்தான் தின்றேனோ, காலையில மறந்துபோறேனோன்னு. புத்தி பிசகிடுச்சுன்னு நினைச்சேன். இதை யார்கிட்ட போய்ச் சொல்றது?"