பல்செட்காரர் செய்த பின்விளக்கு

செடிக்காரி அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அந்தப் பழைய பிக்கப் வண்டி அவள் வீட்டு வாசலுக்கு வந்தே இருக்காது. ஆனால் அவள் என்றைக்கு வாயை மூடிக்கொண்டு இருந்தாள்?

வீட்டுக்குப் பின்னால் இருந்த காலி இடத்தில் பத்து வருடமாகத் தொட்டிச் செடி வளர்த்து விற்கிறவள் அவள். ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் வராந்தாக்களுக்கு வாராவாரம் எண்பது தொட்டி கொண்டுபோய் வைத்துவிட்டு, வாடின எண்பதைத் திருப்பி எடுத்துவருவது அவளுடைய பெரிய வேலை. அந்த வேலையில்தான் வாடகை வண்டி இரண்டு தடவை காலை வாரிவிட்டது. முதல் தடவை டிரைவர் தூங்கிப்போனான். இரண்டாம் தடவை வந்தவன் ரப்பர் செடிகளை விறகு மாதிரி படுக்கவைத்து அடுக்கினான். போய்ச் சேர்ந்தபோது பாதிச் செடிக்கு இலையே இல்லை.

ஆஸ்பத்திரி மேனேஜரம்மா கூப்பிட்டு விசாரித்தாள். "இப்படியே போனா வேற ஆளைத்தான் பாக்கணும்" என்றாள்.

"இனிமே அந்தக் கவலையே வேணாம் மேடம். சொந்த வண்டி வாங்கியாச்சு. வர மாசம் முதல் திங்கக்கிழமையிலேருந்து நானே ஓட்டிட்டு வந்துடுவேன்."

வண்டியும் இல்லை, வண்டியின் நிழலும் இல்லை. வாய் பாட்டுக்குச் சொல்லிவிட்டது.

மேனேஜரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "சரி. அன்னைக்குக் காலைல ஆறரைக்கு செடி வந்தா நீங்க. வரலைன்னா வேற ஆள். சண்டை இல்ல, சச்சரவு இல்ல" என்றாள்.

கையில் மூன்று வாரம் இருந்தது.

செடிக்காரியின் கூடப்பிறந்த தம்பி மெக்கானிக். எதையும் நின்று நிதானித்துச் செய்வதால் தெருவே அவனை ஆமை என்றுதான் கூப்பிடும். அவனும் அந்தப் பேருக்கே திரும்பிப் பார்ப்பான். அவனைக் கூட்டிக்கொண்டு நாலு இடம் அலைந்து, ஐந்தாவதாக ஒரு டைல்ஸ் கடையின் பின்பக்கத்தில் அந்த வண்டியைப் பார்த்தாள். வண்டிக்கு இருபத்திரண்டு வயது. ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்திருக்கும், இப்போது பழைய தலையணை உறை நிறம். கடைக்காரருக்கு முதுகு போய்விட்டது. ஏறி இறங்க முடியவில்லை என்று விற்கிறார்.

ஆமை வண்டியைச் சுற்றி வந்தான். குனிந்து பார்த்தான். படுத்துப் பார்த்தான். ஆயில் அளவுக் கம்பியை உருவி முகர்ந்தான். எஞ்சினை ஓடவிட்டு, டாக்டர் மாதிரி தலையைச் சாய்த்துக்கொண்டு கேட்டான். முக்கால் மணி நேரம் ஒரு வார்த்தை பேசவில்லை. கடைக்காரர் இரண்டு தடவை கொட்டாவி விட்டார்.

"என்னடா, வாயைத் திறந்து சொல்லேன்" என்றாள் அக்கா.

"எஞ்சின் தங்கம். மத்தது எல்லாம் தகரம்."

"தகரம்னா?"

"டிரைவர் சீட்டுக்குக் கீழ ஓட்டை. ஓட்டும்போது ரோட்டைக் காலுக்கு நடுவுல பாக்கலாம். பிரேக் லைன் மாத்தணும். பின்னாடி பலகை உளுத்துப்போச்சு. வலது பக்கம் பின்விளக்கு கண்ணாடி நொறுங்கியிருக்கு."

"மூணு வாரத்துல முடிப்பியா?"

ஆமை யோசித்தான். அந்த யோசனையிலேயே ஒரு வாரம் போய்விடுமோ என்று அவள் விரல் விட்டு நாளை எண்ணினாள். கடைசியில், "மத்த வேலையை ஓரம் கட்டிட்டா முடிக்கலாம்க்கா" என்றான். அவ்வளவுதான், வாங்கிவிட்டாள். கல்யாணத்துக்கு முன்னால் பேக்கரி வேன் ஓட்டினவள். சாவியைக் கையில் வாங்கினதும் இருபது வயது குறைந்த மாதிரி இருந்தது. ஓட்டை வழியாக ரோடு ஓடுவதைப் பார்த்துக்கொண்டே தம்பி ஷெட் வரைக்கும் ஓட்டிவந்தாள்.

வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்லவில்லையே. அவர் பல்செட்காரர். பல் டாக்டர்கள் அச்சு எடுத்து அனுப்புவார்கள். இவர் தன் சின்ன லேபில் உட்கார்ந்து ஒற்றைப் பல், அரை வரிசை, முழு செட் என்று செய்து அனுப்புவார். முப்பது வருட அனுபவம். வண்டி ஓட்டத் தெரியாது, ஸ்பேனர் எந்தப் பக்கம் பிடிப்பது என்றும் தெரியாது. ஆனால் எல்லாரும் ஷெட்டுக்குப் போய் வேலை செய்யும்போது தான் மட்டும் வீட்டில் இருக்க அவருக்கு மனசு வரவில்லை. தினமும் சாயங்காலம் போய், வேலை நடக்கிற இடத்திலேயே நின்றுகொள்வார்.

"மாமா, வெளிச்சத்தை மறைக்கிறீங்க" என்பான் ஆமை.

"நான் ஒண்ணுமே செய்யலைன்னா ஊர் என்னடா சொல்லும் மாப்ளே?"

"ஊர் ஒண்ணும் சொல்லாது" என்பாள் அவள். "நீங்கதான் ஊர் ஊரா சொல்லிட்டுத் திரிவீங்க."

இரண்டு வாரத்தில் ஓட்டைக்குப் புதுத் தகடு வைத்துப் பற்றவைத்தார்கள். பிரேக் லைன் மாற்றியாயிற்று. பின்பக்கத்தில் புதுப் பலகை போட்டு, தொட்டிகள் சாயாமல் நிற்க இரண்டு அடுக்குப் படிக்கட்டு மாதிரி ஒரு சட்டம் அவளே அளவு சொல்லி அடித்துவைத்தாள். நின்றுபோனது அந்த ஒரு விளக்குக் கண்ணாடிதான். இந்த மாடலுக்கு அது எங்கேயும் கிடைக்கவில்லை. பழைய சாமான் கடையெல்லாம் ஏறி இறங்கிவிட்டு ஆமை கையை விரித்தான். வெள்ளிக்கிழமை வண்டியைத் தகுதிச் சோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே கையெழுத்து விழாமல் வண்டி ரோட்டில் சரக்கோடு போகக் கூடாது.

பல்செட்காரர் தொண்டையைச் செருமினார்.

"கண்ணாடின்னு சொல்றீங்களே, அது பிளாஸ்டிக்தானே. நான் செய்யற சாமான்தான். இடது பக்கத்தைக் கழட்டிக் குடு, அச்சு எடுத்து வலது செஞ்சு தரேன்."

"மாமா, இடதை அப்படியே அச்சு எடுத்தா இடதுதான் வரும். இது வளைவு மாறும்."

"டேய், முப்பது வருஷமா இடது கோரைப்பல்லைப் பாத்து வலது கோரைப்பல் செய்யறவன்டா நான். எனக்கே வளைவு சொல்லித் தரியா?"

அக்காவும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வேறு வழியும் இல்லை.

மூன்று நாள் அவர் லேபை விட்டு வெளியே வரவில்லை. இடதுக்கு அச்சு எடுத்து, அதைப் பார்த்து மெழுகில் வலதைச் செதுக்கி, அதற்கு ஓர் அச்சு எடுத்து வார்த்தார். வியாழக்கிழமை சாயங்காலம் பஞ்சில் சுற்றிக் கொண்டுவந்து மாட்டினார். திருகாணி ஓட்டை மயிரிழை பிசகவில்லை. மாலை வெயிலில் நின்று பார்த்தார்கள். எது பழசு, எது புதுசு என்று கண்டுபிடிக்க முடியவில்லை. ஓரத்தில் இருந்த மங்கல்கூட அச்சு அசல். ஆமைகூட வேகமாகப் பேசினான்.

"மாமா, நீங்க மனுஷனே இல்ல."

மாமாவுக்கு அன்று இரவு சாப்பாடு இரண்டு பங்கு இறங்கியது.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குச் சோதனைக் கூடத்தில் வண்டி நின்றது. ஆய்வாளர் மெலிந்த மனிதர். சிரிப்பே வராத முகம். பிரேக்கைப் பார்த்தார், சரி. ஸ்டீயரிங், சரி. அடித்தகட்டைச் சுத்தியலால் தட்டினார், அதுவும் சரி. பிறகு கூடத்தின் கதவை இழுத்து மூடி, உள்ளே இருட்டாக்கி, "பிரேக்கை மிதிங்கம்மா" என்றார்.

மிதித்தாள்.

பின்னாலிருந்து ஆய்வாளரின் குரல் வந்தது.

"இது என்ன, வண்டிக்குப் பின்னாடி ரெண்டு ரோஜாப்பூ வச்சிருக்கீங்க?"

அவள் இறங்கி வந்து பார்த்தாள். இரண்டு விளக்கும் இளம் ரோஸ் நிறத்தில் எரிந்துகொண்டிருந்தன. இருபத்திரண்டு வருட வெயிலில் பழைய விளக்கு வெளுத்துப்போயிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. பல்செட்காரர் மட்டும் கவனித்திருக்கிறார். கவனித்து, அந்த வெளுப்பையே அப்படியே புதுசிலும் கொண்டுவந்திருக்கிறார்.

"பக்கத்துப் பல்லோட நிறத்துக்கு ஒத்துப்போகணும் இல்லையா" என்றார் அவர், குரல் உள்ளே போய். "ஒரு பல்லு மட்டும் பளிச்சுனு இருந்தா செயற்கைன்னு தெரிஞ்சிடும். அதான் ஈறுக்குப் போடற கலரைக் கொஞ்சம் கலந்து..."

"சிவப்புன்னா சிவப்பு இருக்கணும் சார்" என்றார் ஆய்வாளர். "நாலு மணிக்குக் கதவைச் சாத்திடுவேன். அதுக்குள்ள மாத்திக் கொண்டுவந்தா பாக்கறேன். இல்லைன்னா அடுத்த முறை பன்னிரண்டு நாள் கழிச்சுதான்."

பன்னிரண்டு நாள். திங்கட்கிழமை நடுவில் வந்து உட்கார்ந்திருந்தது.

வெளியே வந்து மூன்று பேரும் வண்டி ஓரமாக நின்றார்கள். அவளுக்குக் கோபம் மூக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. நாலு கேள்வி கேட்கலாம் என்று திரும்பினாள். அவர் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றார், உண்டியலை உடைத்துவிட்ட குழந்தை மாதிரி. கேள்வியை மாற்றிக்கொண்டாள்.

"ஏங்க" என்றாள். "சின்னப் பசங்க பல்லுல மாட்டுவாங்களே ஒரு கிளிப், அது கலர் கலரா கேக்கறாங்கன்னு செஞ்சீங்களே. பச்சை, நீலம்னு."

அவர் நிமிர்ந்தார்.

"சிவப்பும் கேப்பாங்க."

"இருக்கா?"

"ஒரு பாட்டில் இருக்கு. திறந்துகூடப் பாக்கல." முகத்தில் ரத்தம் ஏறியது. "அச்சு ரெண்டும் பத்திரமா இருக்கு. ஆனா வாக்குறது, இறுக விடறது, தேய்க்கிறது, மெருகு... ரெண்டுக்கும் சேத்து நாலு மணி நேரமாவது ஆகும். நான் ஒருத்தன்."

"யார் சொன்னா ஒருத்தன்னு? ஏறுங்க."

லேப் இருபது நிமிடத் தூரம். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் அந்த அறையில் எதையும் தொட்டதில்லை, அவர் தொடவிட்டதும் இல்லை. அன்று அவர் பொடியையும் திரவத்தையும் கலந்தார். அவள் சிவப்பைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். ஆமை ஜன்னலுக்கு நேராகக் குச்சியில் எடுத்துப் பிடித்து, "இன்னும் கொஞ்சம்... இன்னும் கொஞ்சம்... போதும்" என்றான். வார்த்து, வெந்நீர் நிரப்பிய, குக்கர் மாதிரி இருந்த அழுத்தப் பானைக்குள் வைத்து மூடினார்கள். மூடிவிட்டு மூன்று பேரும் சோற்றுப் பானையைப் பார்த்து நிற்கிற மாதிரி நின்றார்கள்.

முதலில் எடுத்தது நடுவில் குமிழி குமிழியாக வந்திருந்தது.

"அவசரப்பட்டுக் கலக்கிட்டேன்" என்றார் அவர். நெற்றியில் வேர்த்துக்கொட்டியது.

"மணி ஒண்ணுதான் ஆகுது. மெதுவா கலக்குங்க. நம்ம ஆமை கலக்கற மாதிரி."

"அக்கா, இந்த நேரத்துலயுமா?" என்றான் தம்பி. ஆனால் சிரித்துவிட்டான், மாமாவும் சிரித்துவிட்டார். இரண்டாம் தடவை நிதானமாகக் கலக்கினார்.

அடுத்த இரண்டும் கண்ணாடியாக வந்தன. ஆமை ஓரத்தை அராவினான். அவள் நனைத்த உப்புத்தாள் வைத்துத் தேய்த்தாள். செடி இலையைத் துடைக்கிற அதே விரல், ஓரமாக, அழுத்தாமல். அதைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு நாளா உனக்கு ஒரு சம்பளம் போட்டு வச்சிருக்கலாம் போலிருக்கே" என்றார் அவர்.

"இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகலை. தேய்ங்க."

மூன்றே முக்காலுக்குக் கூடத்துக்குள் வண்டி நுழைந்தது. கதவு மூடியது. மிதித்தாள். இந்தத் தடவை பின்சுவர் முழுக்கச் சிவந்துபோனது, அவளுக்குக் கண்ணாடியிலேயே தெரிந்தது. ஆய்வாளர் குனிந்து, விரலால் தட்டிப் பார்த்து, தாளில் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார். தாளை அவள் கையில் கொடுத்தபிறகுதான் பல்செட்காரரை ஓரமாகக் கூப்பிட்டார்.

"இதுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. கையெழுத்து போட்டாச்சு. என்னோட மேல் பல்செட்டு, சாப்பிடும்போது டக்கு டக்குனு அடிக்குது. வீட்ல எல்லாரும் சிரிக்கறாங்க. அதுக்கு ஏதாவது வழி உண்டா?"

"யார் செஞ்சது இது?" என்றார் பல்செட்காரர், வைத்தியர் தோரணையில். "புதன்கிழமை லேபுக்கு வாங்க. எல்லாருக்கும் என்ன ரேட்டோ அதான் உங்களுக்கும்."

திங்கட்கிழமை காலை ஆறே கால். ஆஸ்பத்திரிப் பின்வாசலில் பிக்கப் நின்றது. எண்பது தொட்டியில் ஒரு இலைகூட உதிரவில்லை. மேனேஜரம்மா வெளியே வந்து, செடியைப் பார்த்தாள், வண்டியைப் பார்த்தாள்.

"புது வண்டின்னு நெனச்சேன்."

"எங்களுக்குப் புதுசுதான் மேடம்."

மேனேஜரம்மா உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "சரி, மேல் மாடிக்கும் சேத்து அடுத்த வாரத்துலேருந்து நூறா கொண்டு வாங்க" என்று உள்ளே போனாள்.

வாடின தொட்டிகளை ஏற்றி முடித்தபோது மணி ஏழுதான். இத்தனை வருடம் இந்த நேரத்தில் வாடகை வண்டி டிரைவர் வாட்ச்சைப் பார்த்து, ஹாரன் அடித்து, அவளை விரட்டிக்கொண்டிருப்பான். இன்று விரட்ட ஆளில்லை. அவள் வண்டியை வீட்டுப் பக்கம் திருப்பாமல் ஏரி ரோட்டுப் பக்கம் திருப்பினாள்.

"எங்க போற? வீடு அந்தப் பக்கம்" என்றார் பக்கத்து சீட்டில் இருந்த பல்செட்காரர்.

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"ஒரு நல்ல டீக்கடையா பாத்து நிறுத்தறேன். பேசாம வாங்க."

அவர் பேசாமல் வரவில்லை. வழி முழுக்க, முன்னால் போகிற வண்டிகளின் பின்விளக்கு ஒவ்வொன்றையும் பார்த்து, இது வெளுத்துப்போச்சு, இது விரிசல், இது பரவாயில்லை என்று சொல்லிக்கொண்டே வந்தார். அவள் ஜன்னலை முழுசாக இறக்கிவிட்டு, அத்தனையையும் கேட்டுக்கொண்டு ஓட்டினாள்.