கன்னியம்மாவுக்கு முதல் இலை

1

டமால்!

கல்யாண மண்டபத்துச் சமையல்கட்டில் அண்டா மூடி விழுந்த சத்தம் அது. ஆரணியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். சத்தம் கேட்டதும் எட்டிப் பார்த்தேன். (சாப்பாடு தயாரா என்று பார்க்கத்தான் அந்தப் பக்கம் போனேன். இதை மறைத்து என்ன ஆகப்போகிறது?) மூடி இன்னும் தரையில் சுழன்றுகொண்டிருந்தது. நாலைந்து பேர் அதைப் பிடிக்க ஓடினார்கள். ஒரு பெண் மட்டும் அசையவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து, சின்னக் கிண்ணத்திலிருந்து ரசத்தைத் தேக்கரண்டியால் எடுத்து, கண்ணை மூடி, இதைவிட அவசர வேலை உலகத்தில் இல்லை என்பது போலச் சொட்டுச் சொட்டாகக் குடித்துக்கொண்டிருந்தாள்.

நான் பார்த்தது அவ்வளவுதான். அவள் யார், ஏன் அப்படிக் குடித்தாள், எதுவும் தெரியாது. ஆனால் பஸ் வேலூர் போய்ச் சேர்வதற்குள் அவளுக்குப் பெயர் வைத்துவிட்டேன். கன்னியம்மா. நாற்பதைத் தாண்டியவள். கல்யாணச் சமையல் கான்ட்ராக்ட். சில மாதங்களுக்கு முன்னால் உடம்பைக் குறைக்க வயிற்றில் ஆபரேஷன். எனக்கோ கை பரபரத்தது. டிக்கெட்டின் பின்பக்கத்திலேயே எழுத ஆரம்பித்துவிட்டேன்!

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

'கன்னியம்மா கண்ணாடியைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள். பருவ வயதில் அவளுடைய இடை—'

அடித்துவிட்டேன். இவள் கண்ணாடி முன்னால் நிற்கிற ஆள் இல்லை. மூட்டு வலியில் அடுப்பு முன்னால் நிற்க முடியாமல் போனதால்தான் கத்திக்கே சம்மதித்தாள்.

அடுத்தது:

'இரைப்பையின் முக்கால் பாகத்தை அகற்றிவிட்டு, மீதியை ஒரு வாழைக்காய் அளவுக்கு—'

இது டாக்டர் கேள்வி பதில் பக்கத்துக்குப் போகவேண்டிய சமாசாரம். அதையும் அடித்தேன்.

கதை அவள் சொன்ன பொய்யிலிருந்து தொடங்கவேண்டும். இப்போது பிடித்துவிட்டேன், வாருங்கள்.

3

கர்ப்பப்பை ஆபரேஷன் என்று கன்னியம்மா ஊரில் சொல்லிவிட்டாள். வயிற்றைச் சுருக்கிக்கொண்ட சமையல்காரிக்கு யார் ஆர்டர் கொடுப்பார்கள்? தன்னால் சாப்பிட முடியாதவள் கையால் ஊர் எப்படிச் சாப்பிடும்? புருஷனுக்கும், கூடவே சமைக்கிற நாத்தனார் ஜெயத்துக்கும் மட்டும்தான் உண்மை தெரியும்.

பொய் அவளையே சுற்றிக்கொண்டது. கர்ப்பப்பை எடுத்தவளுக்குத் தெம்பு வேண்டாமா? தெருவே தூக்குச் சட்டியோடு திரண்டு வந்தது. ஆட்டுக்கால் சூப், நாட்டுக்கோழிக் குழம்பு, நெய் வழியும் உளுந்தங்களி. கன்னியம்மாவுக்கோ அப்போது வடிகட்டிய பருப்புத் தண்ணீரும் மோரும்தான், அதுவும் மடக்கு மடக்காக. பிறகு குழைத்த பருப்பு. பிறகு மசித்த முட்டை, அரை இட்லி. சாப்பிடும்போது தண்ணீர் குடிக்கக் கூடாது. எதையும் கூழாகும்வரை மெல்லவேண்டும். ஒரு வாய் அதிகமானால் முதலில் மூக்கு ஒழுகும். அதற்குமேலும் போனால் எல்லாம் வெளியே வந்துவிடும்.

வந்த சட்டிகளைக் காலி செய்யும் பொறுப்பை ஜெயம் ஏற்றுக்கொண்டாள்.

"அண்ணி, உன் ஒடம்புல எறங்குன கிலோ எல்லாம் நேரா என்கிட்டதான் வந்துகினு இருக்குது."

"துன்னுட்டுப் பேசாம போடி."

"எதுத்த வூட்டு காத்தாயி கேக்கறா, கர்ப்பப்ப இம்மாம் வெயிட்டா இருக்குமான்னு. அவளும் எடுத்துக்கப் போறாளாம்!"

"சிரிப்பு காட்டாத, தையலு இழுக்குது."

(கன்னியம்மாவை இன்னும் கொஞ்சம் சோகமாக வைக்கலாமா என்று இந்த இடத்தில் யோசித்தேன். ஆபரேஷனுக்குப் பிறகு கதாநாயகி ஜன்னலோரம் உட்கார்ந்து மழையைப் பார்ப்பதுதானே முறை? ஆரணியில் அன்றைக்கு மழை இல்லை. அவளும் ஜன்னலோரம் உட்காரவில்லை. முதல் முழு இட்லி உள்ளே போன அன்று, "போச்சுடி, தங்குச்சுடி!" என்று தெரு கேட்கக் கத்தினாள்.)

4

இனிதான் சிக்கல்.

பட்டுக்கடைக்காரர் வீட்டு அம்மா சுபத்ரா. அவள் சின்ன மகளின் கல்யாணம். அந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. (ஆரணியில் விசாரித்துப் பார்க்காதீர்கள். இந்தக் கதையில், இந்த ஒரு வீட்டில் மட்டும்தான் உண்டு.) பந்தி போடுவதற்கு முன்னால், தலைமைச் சமையல்காரருக்கு முதல் இலை. கல்யாண வீட்டார் சுற்றி நின்று பார்க்க, அவர் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் மற்றவர்கள் உட்காரலாம்.

பெரிய மகள் கல்யாணத்தில் கன்னியம்மா அந்த இலையில் உட்கார்ந்து சாப்பிட்ட அழகைப் பார்த்தே பாதிக் கூட்டம் பசியோடு பந்திக்கு முண்டியடித்தது. மூன்று முறை சோறு வாங்கினாள். அந்த இலைதான் அவள் பெயரைச் செய்யாறு வரைக்கும் கொண்டுபோனது.

இந்த முறை ஆர்டர் சொல்லும்போதே சுபத்ரா, "கன்னியம்மா, ஆக்குறதுக்கு ஊர்ல ஆயிரம் பேரு கீறாங்க. நீங்க உக்காந்து சாப்புடுறதப் பாக்கணும் எங்களுக்கு" என்று சொல்லிவிட்டாள்.

"எனக்குப் பதிலா ஜெயம் உக்காருவா, அக்கா."

"அதெப்படி? உலை வெச்ச கைதான் இலையில உக்காரணும்."

முழு இலையைச் சாப்பிட்டால் அங்கேயே வாந்தி. சமைத்தவளே வாந்தி எடுத்த சாப்பாட்டில் யார் கை வைப்பார்கள்? சாப்பிடாமல் பாதியில் எழுந்தாலும் அதே கதிதான். எது நடந்தாலும் கன்னியம்மாவின் தொழில் அன்றோடு முடிந்தது. அவளை இந்த மூலையில் கொண்டுவந்து நிறுத்தியவன் நான்தான் என்பதை ஒப்புக்கொள்கிறேன். வெளியே கொண்டுவரத்தான் வழி தெரியவில்லை.

5

முடிவு அ: கரண்ட் போகிறது. இருட்டோடு இருட்டாக ஜெயம் இலையைக் காலி செய்துவிடுகிறாள். பிரமாதம்! முகூர்த்தச் சாப்பாடு பட்டப்பகலில் என்பது எழுதி முடித்த பிறகுதான் உறைத்தது.

முடிவு ஆ: முழு இலையையும் சாப்பிடுகிறாள், மயங்கி விழுகிறாள், கல்யாணக் கூட்டமே கதறுகிறது. வாசகர் கடிதங்கள் வந்து குவிந்திருக்கும். ஆனால் அரை இட்லிக்கு அரைமணி நேரம் மென்று பிழைத்து வந்தவளை ஒரு கடிதத்துக்காகக் கொல்வதா? வெட்டிவிட்டேன்.

முடிவு இ: ஓட்டம். பின்வாசலில் ஆட்டோவையே கொண்டுவந்து நிறுத்திவிட்டேன்.

"அண்ணி, ஜல்தி வா! கோயிலுக்குப் போன மாப்ள வூட்டு பஸ்ஸு திரும்பி வந்துகினு இருக்குது. இப்பவே கெளம்புனா ஒருத்தரும் பாக்க மாட்டாங்க."

கன்னியம்மா ஒரு காலை ஆட்டோவில் வைத்தாள்.

"சாம்பாருக்குப் பெருங்காயம் கரைச்சி ஊத்தினியா?"

"இப்ப அதுவா பேஜாரு?"

"ஊத்தினியா இல்லியாடி?"

ஜெயம் விழித்தாள். கன்னியம்மா காலை எடுத்துவிட்டுத் திரும்பி உள்ளே போய்விட்டாள். நான் அப்படி எழுதவே இல்லை! பேனாவைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னாலேயே ஓடினேன்.

6

இலை போட்டாயிற்று. வடை, பொரியல், கூட்டு, அப்பளம், குவித்த சோறு, மேலே சாம்பார். சுற்றிலும் பட்டுப் புடவைகள். எதிரில் சுபத்ரா. ஜெயம் தூண் மறைவில் நின்று கையைப் பிசைகிறாள்.

கன்னியம்மா ஒரு வாய் எடுத்தாள். நெல்லிக்காய் அளவு. மென்றாள். மென்றாள். கூட்டம் பார்த்தது. இன்னும் மென்றுகொண்டிருந்தாள்.

இந்த இடத்தில் அவள் பயப்படுவதாகத்தான் எழுதிக்கொண்டு வந்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் அந்த வரி பாதியில் நின்றுவிட்டது. முதலில் பெருங்காயம் வந்தது. பிறகு முருங்கைக்காயின் வாசனை. பிறகு எங்கிருந்தோ பருப்பின் இனிப்பு. அடடா! அண்டா அண்டாவாக ஊற்றிய சாம்பாருக்குள் இத்தனை பேர் ஒளிந்திருந்தார்களா? அந்தக் காலத்தில் அவள் தொண்டை இவர்களில் ஒருவரையும் நிறுத்தி விசாரித்ததில்லை. எல்லோரையும் ஒரே மூச்சில் உள்ளே தள்ளிவிடும்.

இரண்டாம் வாய். கண் தானாக மூடிக்கொண்டது. மூன்றாம் வாயில் சிரிப்பு வந்துவிட்டது.

"இன்னா கன்னியம்மா, மென்னுகினே கீறீங்க?" சுபத்ராவின் குரல் மாறியிருந்தது. "கல்லு கில்லு கெடக்குதா?"

வாசலில் பஸ் ஹாரன். மாப்பிள்ளை வீட்டார் மேளத்தோடு உள்ளே வந்து, இலையைச் சுற்றி நின்ற கூட்டத்தைப் பார்த்துத் தாங்களும் நின்றுவிட்டார்கள்.

நான்காம் வாய் இறங்கியது. மூக்கு ஒழுகத் தொடங்கியது. அவ்வளவுதான், நிறைந்துவிட்டது. இலையிலோ சோறு வைத்தபடி இருக்கிறது. வடையைத் தொடவே இல்லை.

"சொல்லுங்க கன்னியம்மா." சுபத்ரா குனிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். "சம்பந்தி பாத்துகினு இருக்காங்க. சாப்பாட்டுல இன்னா குறை?"

இதற்குமேல் என்னிடம் முடிவு இல்லை. சுபத்ரா கத்தினாளா, கட்டிக்கொண்டாளா, பந்தி நிரம்பியதா, மண்டபம் காலியானதா? அந்தக் கூட்டத்தில் நீங்களும்தான் பசியோடு நிற்கிறீர்கள். உட்காருவதா வேண்டாமா என்று நீங்களே தீர்மானியுங்கள். கன்னியம்மா தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, மண்டபத்துக்கே கேட்கும்படி சொன்னதை மட்டும் தருகிறேன்:

"ஒரு குறையும் இல்லக்கா, என் வவுத்துலதான் முக்காவாசிய வெட்டி எடுத்துட்டாங்க... இத்தினி வருசமா ஆக்குறேனே, என் சாம்பாரு இன்னா ருசின்னு இன்னிக்கித்தான் எனக்கே தெரியுது!"